அம்மா அப்பாவோடு வியன்னா: பழைய பெரிய ஹோட்டலில் தங்குவது காசுக்குத் தகுமா?

வடசேரிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் படிக்கிறான், வருகிற மே மாதம் அவனுக்குப் பட்டமளிப்பு. அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடா வழியாக வியன்னா, அங்கிருந்து ரயிலில் கிராஸ், அவன் வீட்டிலேயே தங்கல். அதுவரை குழப்பமில்லை. திரும்பும்போது வியன்னாவில் மூன்று ராத்திரி வைத்திருக்கிறேன், அங்கேதான் முடிவெடுக்க முடியவில்லை.

அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே டூர் போனாலும் சத்திரம், லாட்ஜ், அதுவும் இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டு மாடி. "கண்ண மூடித் தூங்குறதுக்கு எதுக்கு இவ்வளவு ரூவா" என்பதுதான் அவர் கொள்கை. அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் கிடையாது. ஆனால் தம்பி போன வருடம் வியன்னாவில் ஹோட்டல் ஸாஹர் என்கிற பழைய பெரிய ஹோட்டலின் வாசலில் நின்று ஒரு போட்டோ அனுப்பினான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நம்மளையெல்லாம் விடுவாங்களா?" என்று கேட்டார். இந்த வருடம் அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகிறது. அதனால் ஒரு ராத்திரியாவது அந்த மாதிரி இடத்தில் தங்க வைக்கலாம் என்று ஆசை.

நான் பார்த்த தேதிகளில் சாதாரண அறைக்கே 600 யூரோவுக்கு மேல் காட்டுகிறது. அது தகுமா? மூன்று பேர் ஒரே அறையில் தங்கலாமா? அம்மாவுக்கு முட்டு வலி, குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க முடியாது. இறைச்சி தொட மாட்டார், முட்டை சாப்பிடுவார். அப்பாவுக்கு மீன் இருந்தால் போதும். அப்புறம் உடை. அம்மா சேலை தவிர வேறு எதுவும் கட்டியதில்லை, அப்பா வேட்டி. அங்கே யாராவது ஏற இறங்கப் பார்த்து அவர்கள் மனசு கஷ்டப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. போய்த் தங்கியவர்கள் சொல்லுங்களேன்.

குழித்துறை அக்கா (வியன்னா)

தங்கச்சி, அம்மா கேட்டதற்கு முதலில் பதில்: விடுவார்கள், கதவையும் திறந்து பிடிப்பார்கள். நான் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். நம்ம பக்கத்து ஆட்களும் மலையாளிகளும் இந்த வேலைக்கு எழுபதுகளில் இருந்தே இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் சேலை கட்டின பெண்மணி இந்த ஊருக்குப் புதுசு இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. மே மாதம் சாயங்காலம் குளிரும், மழையும் வரும், அதற்கு ஒரு கோட்டும் மூடின செருப்பும் வேண்டும். அது மட்டும்தான் என் கவலை.

ஸாஹரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக் கூட்டி வாருங்கள், தெரிந்து வந்தால் பார்க்கிற பார்வையே வேற. பலர் அதை அரண்மனை என்று நினைக்கிறார்கள், அது ஒருநாளும் அரண்மனையாக இருந்ததில்லை. அந்த மனையில் முன்பு ஒரு நாடக அரங்கம் இருந்தது, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824இல் முதன்முதலாக வாசிக்கப்பட்டது அங்கேதான். 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப் நகரத்தின் கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ரிங் சாலையைப் போட்டு, அதை ஒட்டி 1869இல் புது ஆப்பரா ஹவுஸ், அதாவது இசை நாடக அரங்கம், திறந்தார்கள். பழைய அரங்கத்துக்கு வேலை இல்லாமல் போய் இடித்த இடத்தில், 1876இல் எடுவார்ட் ஸாஹர் என்பவர் ஹோட்டல் தொடங்கினார். அவருடைய அப்பா ஃபிரான்ஸ்தான் 1832இல், அப்போதைய பெரிய அமைச்சர் மெட்டர்னிக் வீட்டுச் சமையற்கட்டில் பதினாறு வயதுப் பயிற்சிப் பையனாக இருந்தபோது, இன்று ஸாஹர் பெயரிலேயே பிரபலமாக இருக்கிற சாக்லேட் கேக்கைச் செய்தவர். நம்ம நாகர்கோவில் மணிமேடை 1893. அதைவிட மூத்த ஹோட்டல் இது.

எடுவார்ட் 1892இல் இறந்த பிறகு ஹோட்டலை நடத்தினது அவர் மனைவி அன்னா. கையில் சுருட்டு, காலடியில் புல்டாக் நாய்கள், அந்தக் காலத்தில் ஒரு விதவை இப்படி ஒரு ஹோட்டலையே ஆட்டி வைத்திருக்கிறாள் என்றால் பாருங்கள். வந்த பெரிய மனிதர்களை எல்லாம் ஒரு மேஜை விரிப்பில் கையெழுத்துப் போடச் சொல்லி, அந்தக் கையெழுத்துகளின் மேல் நூலால் தையல் போட்டு வைத்தார். நடுவில் பேரரசரின் கையெழுத்து. அந்தத் துணியை இப்போதும் ஹோட்டலில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தையல் பழக்கம் உண்டென்றால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

நிஜமாகவே அரண்மனையாக இருந்ததில் தங்க வேண்டும் என்றால் அது இம்பீரியல். 1863இல் வுர்ட்டம்பெர்க் பிரபு ஒருவர் தனக்காகக் கட்டின மாளிகை, 1873 உலகக் கண்காட்சிக்கு ஹோட்டலாக மாறியது. அரசு விருந்தாளிகள் பலரை இன்றும் அங்கே தங்க வைக்கிறார்கள். அந்தப் படிக்கட்டு பிரமாதம். விலையும் அப்படித்தான்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே காய்கறி என்று நினைத்துக் கேட்பதில் கூட மாட்டு எலும்புச் சாறு இருக்கும். வியன்னா உருளைக்கிழங்கு சாலடைப் பல இடங்களில் மாட்டு சூப் ஊற்றித்தான் பிசைவார்கள். தோசையை நறுக்கிப் போட்டது மாதிரி வருகிற தெளிந்த சூப்பும் அதேதான். ஷ்னிட்சல் என்று ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவது, அசல் என்றால் கன்றுக்குட்டி இறைச்சி. கேட்டுவிட்டு வாங்குங்கள், ஹோட்டல்காரர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். அம்மாவுக்கு கைஸர்ஷ்மாரன் பிடிக்கும், முட்டை, மாவு, பால் சேர்த்துச் சுட்டுப் பிய்த்துப் போட்டு, பிளம்ஸ் பழக் கூழோடு கொடுப்பார்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 1873இல் இருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, குளியலறைக் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

அரண்மனைப் பக்கத்து வீடு

நான் எதிர்க்கட்சி. பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடக்கிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவன். அரண்மனை என்பது டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பதற்கு. 600 யூரோ என்றால் இன்றைய கணக்குக்கு அறுபதாயிரம் ரூபாய் பக்கம் வருகிறது, இரண்டு ராத்திரி என்றால் ஒன்றேகால் லட்சம். கண்டக்டராக இருந்த அப்பாவிடம் இந்தக் கணக்கை மறைக்க முடியுமா? எப்படியும் ரசீதைப் பார்த்துவிடுவார், அப்புறம் அந்த மெத்தையில் அவருக்குத் தூக்கம் வராது.

நான் செய்யச் சொல்வது இது. ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற மெயின் ஸ்டேஷன் பக்கத்தில் நல்ல சுத்தமான மூன்று நட்சத்திர ஹோட்டல் எடுங்கள். அங்கிருந்து யு1 மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கார்ல்ஸ்பிளாட்ஸ், ஏறி வந்தால் ஆப்பரா ஹவுஸ். ஸாஹர் கஃபேக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். ஆன்லைனில் மேஜை பதிவு செய்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் வாசலில் வரிசை நிற்கும். சிவப்புப் பட்டுத் துணி ஒட்டின சுவர், தொங்குவிளக்கு, வெள்ளித் தட்டில் காபியோடு ஒரு கிளாஸ் தண்ணீர், கேக், பக்கத்தில் சர்க்கரை போடாத க்ரீம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஹோட்டல் ராத்திரியின் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. அந்தக் கேக்குக்காக ஸாஹரும் டெமல் என்கிற பேக்கரியும் வருடக்கணக்காகக் கோர்ட்டில் சண்டை போட்டு, 1963இல்தான் சமரசம் ஆனது, 'அசல்' என்கிற பெயர் ஹோட்டலுக்குப் போனது. ஸாஹரில் நடுவிலும் மேலேயுமாக இரண்டு அடுக்கு ஆப்ரிகாட் ஜாம், டெமலில் மேலே மட்டும். என் நாக்குக்கு இரண்டுமே கொஞ்சம் வறட்சி, கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

மே மாதம் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. ஆப்பராவின் பக்கத்துச் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி உள்ளே நடப்பதை வெளியே இலவசமாகக் காட்டுவார்கள், நாற்காலியும் போட்டிருப்பார்கள். சாயங்காலம் அங்கே உட்கார்ந்தாலே போதும். ஹோட்டல் அறைக்குள் அடைந்து கிடக்கவா ஊருக்குப் போகிறோம்?

குளச்சல் அண்ணாச்சி

மேலே தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வருகிறேன். சொகுசுக் கப்பல்களில் ஹவுஸ்கீப்பிங்கில் ரொம்ப காலம் இருந்தேன், கரையில் சில பழைய ஹோட்டல்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். அறையை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள் மக்ளே.

பழைய ஹோட்டலில் ஹோட்டல் பெயரைப் பார்த்து அறை எடுக்கக் கூடாது, அறையைப் பார்த்து எடுக்க வேண்டும். புதுசாகக் கட்டின ஹோட்டலில் முன்னூறு அறையும் ஒரே அச்சில் வார்த்தது. நூற்றைம்பது வருடக் கட்டடத்தில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு தினுசு. ஒன்று தெருவைப் பார்க்கும், ஒன்று உள்முற்றத்தைப் பார்க்கும், ஒன்று மொட்டை மாடிக்குக் கீழே சாய்ந்த கூரையோடு, அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் படுத்த இடமாகக் கூட இருக்கும். விலைப் பட்டியலில் ஆகக் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் உள்முற்றத்து அறைதான். நீ 600 என்று பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். அது மோசம் என்று சொல்ல மாட்டேன். சத்தம் இருக்காது, வயசானவர்களுக்குத் தூக்கம் நன்றாக வரும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஆப்பரா ஹவுஸ் தெரியும் என்று நினைத்துப் போனால் எதிர்ச் சுவரும் குழாயும்தான் தெரியும். புக் செய்கிற பக்கத்தில் சதுர மீட்டர் போட்டிருக்கும், அதைப் பார். மூன்று பேர் என்றால் முப்பதுக்குக் குறையாமல் வேண்டும்.

மூன்று பேரை ஒரு அறையில் போடுவது அந்த அறைக்கு எத்தனை ஆள் அனுமதி என்பதைப் பொறுத்தது. மூன்று பேர் என்று சொல்லியே விலை கேள், கூடுதல் கட்டில் போடுவார்கள், அதற்குத் தனி ரேட். இரண்டு பேருக்கு எடுத்துவிட்டு நைசாக மூன்றாவது ஆளைக் கொண்டுபோகிற வேலை அங்கே நடக்காது. தங்குகிற ஒவ்வொரு ஆளையும் பாஸ்போர்ட் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஆஸ்திரியாவில் சட்டம்.

இப்போது குளியலறை. இதைத்தான் நம்ம ஆட்கள் யாரும் எழுதுவதில்லை. பழைய ஹோட்டலில் குளியல் தொட்டியின் விளிம்பு முட்டளவு உயரம், உள்ளே வழுக்கும். நடந்து உள்ளே போகிற மாதிரிக் கண்ணாடி ஷவர் உள்ள அறைதான் வேண்டும் என்று புக் செய்கிறபோதே மெயிலில் எழுதிக் கேள். பழைய கட்டடத்தில் எல்லா அறையிலும் அது இருக்காது, கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. இரண்டாவது, தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக ஓட்டையே கிடையாது. நம்ம வீட்டில் மாதிரி கோப்பையால் மொண்டு ஊற்றினால் பளிங்குத் தரையில் தேங்கி, வாசல்படி தாண்டி, மரத் தரைக்குள் இறங்கி, கீழ் அறைக் கூரையில் போய் நிற்கும். நான் துடைத்திருக்கிறேன், அதனால் தெரியும். ஷவர் திரை இருந்தால் அதன் கீழ் நுனி தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும், வெளியே அல்ல. கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது, ஊரிலிருந்தே ஒரு சின்ன மூக்குப் பாட்டிலோ பிளாஸ்டிக் கோப்பையோ பெட்டியில் போட்டுவிடு. தொட்டிக்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு டப்பா இருந்தால் அதன் மூக்கைப் பிடித்து இழு, உள்ளே இருந்து கயிறு வரும், எதிர்ச் சுவர்க் கொக்கியில் மாட்டித் துணி காயப்போடலாம். அம்மா ஜாக்கெட்டைத் துவைக்க லாண்டரிக்குக் கொடுத்துவிடாதே, ஒவ்வொரு உருப்படிக்கும் கேட்கிற கூலியில் இங்கே புதுசே தைத்துவிடலாம்.

கட்டன் சாயா போட கெட்டில் அறையில் இல்லாமல் இருக்கலாம். போன் போட்டுக் கேள், கொண்டுவந்து தருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து எலக்ட்ரிக் குக்கர் கொண்டுபோய் அறையில் சோறு வைக்கிற கதை வேண்டாம், புகை மணி அடித்தால் மொத்தக் கட்டடமும் வாசலில் நிற்கும். ஃபிரிட்ஜில் இருக்கிற பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதும் வேண்டாம், சில ஹோட்டல்களில் எடுத்த உடனேயே கணக்கில் ஏறிவிடும்படி சென்சார் வைத்திருக்கிறார்கள்.

முன் மேஜைக்குப் பக்கத்தில், கோட்டுக் காலரில் குறுக்கே வைத்த இரண்டு தங்கச் சாவி குத்தின ஆள் ஒருவர் நிற்பார். அவர்தான் கன்சியர்ஜ். நீ கொடுக்கிற 600 யூரோவில் கணிசமான பங்கு அந்த ஆளுக்குத்தான் என்று வைத்துக்கொள். மீன் நன்றாகக் கிடைக்கிற கடை, முட்டு வலிக்குச் சக்கர நாற்காலி, ஆப்பரா டிக்கெட், காலையில் டாக்ஸி, எது வேண்டுமோ கேள். நம்ம ஆட்கள் அவரைத் தாண்டி வெளியே வந்து கூகிளில் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

அப்புறம் எதிர்க்கட்சித் தம்பிக்கு ஒரு வார்த்தை. கஃபேயில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது சரிதான், நானும் அதைத்தான் பலருக்குச் சொல்வேன். ஆனால் தங்குகிறவனுக்கு மட்டும் கிடைக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணி. டூரிஸ்ட் யாரும் உள்ளே வருவதற்கு முன்னால் படிக்கட்டும் வராந்தாவும் காலியாக இருக்கும், பூ மாற்றுவார்கள், பித்தளை துடைப்பார்கள், ராத்திரி வாசலில் வைத்த ஷூ பாலிஷ் ஆகித் திரும்பி வந்திருக்கும். வயசானவர்கள் எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டடம் முழுக்கப் பையப் பைய நட. காசுக்குப் பலன் அங்கேதான். அறையை எடுத்துவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி பத்துக்குத் திரும்புகிற ஆளுக்கு அது வெட்டிச் செலவு, அதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்து.

ஆரல்வாய்மொழிக் காற்று

அண்ணாச்சி சொன்ன உள்முற்றம் விஷயத்தை அனுபவித்தவன். ஊர் பெயரும் ஹோட்டல் பெயரும் வேண்டாம், வேறொரு ஐரோப்பிய நகரம், சுவரெல்லாம் ராஜா ராணி படம். எங்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல், கட்டடத்தின் நடுவில் வெளிச்சத்துக்கு விட்டிருந்த குழிக்குள் திறந்தது. எதிரே சமையற்கட்டின் புகைபோக்கி. மூன்று நாளும் வறுத்த வெங்காய வாசனையோடு தூங்கினோம். கேட்டபோது "நீங்கள் எடுத்த வகை அதுதான்" என்றார்கள், அதுவும் உண்மைதான்.

ஹோட்டலை விட எனக்குப் பணம், விசா பக்கம்தான் சொல்ல இருக்கிறது. விசா கையில் வருவதற்கு முன்னால் பணம் திரும்பாத மலிவு ரேட்டில் எதையும் எடுக்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய புக்கிங்கே விண்ணப்பத்துக்குப் போதும். கொஞ்சம் விலை கூட இருக்கும், இருக்கட்டும். ஆஸ்திரியாவுக்கு எடுக்கிற ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், விண்ணப்பத்தை வாங்குகிற விஎஃப்எஸ் நிறுவனத்தின் கூலி தனி, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், மே மாதத்துக்கு என்றால் தள்ளிப் போடாதீர்கள். அப்பாவின் பென்ஷன் புத்தகத்தையும் பேங்க் கணக்கையும் இப்போதே ஒழுங்காக எடுத்து வையுங்கள்.

செக்-இன் செய்யும்போது அறை வாடகைக்கு மேல் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். எடுப்பதில்லை, நிறுத்தி வைப்பது. ஆனால் திரும்ப விடுவிக்க நம்ம பேங்கில் பல நாள் ஆகும். டெபிட் கார்டு கொடுத்தால் கையில் இருக்கிற பணமே முடங்கிவிடும், கிரெடிட் கார்டு கொடுங்கள், லிமிட் எவ்வளவு என்று முன்கூட்டியே பாருங்கள். மெஷினில் "ரூபாயிலா யூரோவிலா" என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தில் நன்றாகத் தீட்டிவிடுவார்கள். நகர வரி சில இடங்களில் விலைக்குள் இருக்கும், சில இடங்களில் தனி. வியன்னாவில் அதை வாடகையில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். ரோமில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றால் தலைக்கு ராத்திரிக்கு 10 யூரோ. நம்ம ஆட்கள் ரோமுக்கும் போகிறார்கள், அதனால் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். காலை உணவு உள்ளே சேர்த்தியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாகச் சாப்பிட்டால் இந்த ரக ஹோட்டல்களில் மூன்று பேருக்கு ஒரு சின்ன லாட்ஜ் வாடகை ஆகிவிடும்.

பட்ஜெட் உதைத்தால் வேறொரு வழியும் இருக்கிறது. இதே பழமை வேறு ஊரில் மலிவு. இஸ்தான்புல்லில் பெரா பேலஸ், 1892, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்காகக் கட்டினது, அந்த ஊரின் முதல் மின்சார லிஃப்ட் அதில்தான், இரும்புப் பின்னல் கூண்டு இன்னும் நிற்கிறது. துருக்கியின் முதல் ஜனாதிபதி அட்டாடுர்க் தங்கின 101ஆம் எண் அறையை மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். கையில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் துருக்கிக்கு இ-விசா எடுத்துவிடலாம். ஆனால் இது அடுத்த தடவைக்கு, முட்டு வலியோடு ஒரே பயணத்தில் இத்தனை ஊர் வேண்டாம்.

வடசேரிக்காரி

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, குளியலறை விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அந்த மனுசன் நம்ம வீட்டுக்கு வந்திருக்காரா" என்று கேட்டார்.

எதிர்க்கட்சி அண்ணன் சொன்ன ரசீது விஷயம் நூறு சதவீதம் உண்மை. அதனால் அப்பாவிடம் மறைக்காமல் இப்போதே விலையைச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் பேப்பரைப் படித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஒரு ராத்திரின்னா சரி" என்றார். ஆக ஒரு ராத்திரி ஸாஹர், இரண்டு ராத்திரி சாதாரண ஹோட்டல். மெயில் எழுதிவிட்டேன், மூன்று பேருக்கு ஒரே அறை, கூடுதல் கட்டில், நடந்து போகிற ஷவர், லிஃப்டுக்குப் பக்கம் என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது இன்னொரு கேள்வி. அந்த ஒரு ராத்திரியை முதலில் வைக்கலாமா, கடைசியில் வைக்கலாமா? கடைசி ராத்திரி வைத்தால் நல்ல முடிவாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான். விமானம் மத்தியானத்துக்கு மேல்தான்.

குளச்சல் அண்ணாச்சி

கடைசி ராத்திரி வேண்டவே வேண்டாம். கடைசி ராத்திரி என்றால் பெட்டி கட்டுவதும், எடை போட்டுப் பார்ப்பதும், பாஸ்போர்ட் எங்கே என்று தேடுவதும்தான். அம்மா விடிய விடிய விழித்திருப்பார். முதல் ராத்திரி வை. கிராஸில் காலை ரயில் ஏறினால் பதினொன்றுக்குள் வந்துவிடலாம். அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அறை தயாராக இருந்தால் முன்னாலேயே கொடுத்தும் விடுவார்கள். மறுநாள் மதியம் வரைக்கும் உங்களுடையது, ஒரு ராத்திரிக் காசில் முழுசாக ஒரு நாள்.

அரண்மனைப் பக்கத்து வீடு

அப்பா சம்மதித்துவிட்டார் என்றால் நான் யார் தடுக்க. ஆனால் அங்கே படுத்துவிட்டு மறுநாள் மூன்று நட்சத்திரத்துக்குப் போனால் முகம் சுண்டிவிடாதா?

குழித்துறை அக்கா (வியன்னா)

அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்கு நிச்சயம் நிம்மதியாகத்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நானும் அண்ணாச்சி பக்கம், முதல் ராத்திரிதான்.

அப்பா போக்குவரத்துக் கழகத்து ஆள் என்பதால் கிராஸ்–வியன்னா ரயிலைத் தூங்கிக் கழிக்க விட்டுவிடாதீர்கள். வழியில் ஸெம்மரிங் மலைப்பாதை வரும். 1848இல் தொடங்கி 1854இல் முடித்தார்கள், கார்ல் ஃபான் கேகா என்கிற பொறியாளர். அந்த மாதிரி மலையில் ஏறுகிற ரயில் எஞ்சின் அப்போது கையில் இல்லை, பாதை வேலையை முதலில் தொடங்கிவிட்டு, வேலை நடக்கும்போதே எஞ்சினுக்குப் போட்டி வைத்தார்கள். இரண்டு அடுக்கு வளைவுப் பாலங்கள், சுரங்கங்கள் எல்லாம் இருக்கிறது, 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பஸ்ஸில் போய் வந்தவருக்கு அந்த வளைவுகள் பிடிக்காமல் போகாது.

ஸாஹர் நாளில் வேறு எதையும் திட்டம் போடாதீர்கள். மத்தியானம் கஃபே, தங்குகிறவர்களுக்கு மேஜை வேண்டும் என்று ஹோட்டலிலேயே சொல்லி வைத்தால் வரிசை நிற்கத் தேவையிருக்காது. சாயங்காலம் சதுக்கத்துத் திரையில் ஆப்பரா இருக்கிற தேதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வாசலிலிருந்து ரோட்டைத் தாண்டினால் போதும், கால் வலித்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். ஸ்டெஃபான்ஸ் கதீட்ரலுக்கு மறுநாள் போங்கள், தெற்குக் கோபுரம் 343 படி, அம்மாவை அதில் ஏற்றிவிடாதீர்கள், வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, பெரிய மணியையும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, வாங்க வேண்டியதைச் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். கேக்கை மரப்பெட்டியில் வைத்து ஹோட்டல் கடையிலேயே விற்கிறார்கள், ஊர் வரைக்கும் கெடாமல் வரும்.

வடசேரிக்காரி

முதல் ராத்திரி என்றே மாற்றிவிட்டேன். ஹோட்டலிலிருந்து இன்று பதில் வந்தது, ஷவர் உள்ள அறை தருகிறோம், உள்முற்றத்துப் பக்கம், கட்டில் போட்டுத் தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். தெருப்பக்கம் வேண்டுமென்றால் இன்னும் நிறைய ஆகும், வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: அங்கே டிப்ஸ் எவ்வளவு, யாருக்கு?

குளச்சல் அண்ணாச்சி

பெட்டி தூக்கி வருகிறவருக்கு ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு யூரோ. கஃபேயிலும் சாப்பாட்டிலும் பில்லை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை முழு எண்ணாக்கி, மேஜையில் வைத்துவிட்டு வராமல், பணம் கொடுக்கும்போதே மொத்தம் இவ்வளவு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கன்சியர்ஜ் பெரிதாக ஏதாவது செய்து கொடுத்தால் அவருக்கும் கொடுக்கலாம், வழி சொன்னதற்கெல்லாம் தேவையில்லை. அறை சுத்தம் செய்கிறவருக்குக் கிளம்புகிற காலையில் தலையணை மேல் மூன்று நான்கு யூரோ, கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் நன்றி என்று எழுதி வை. காகிதம் இல்லாமல் வெறும் காசு கிடந்தால் மறந்து வைத்துவிட்டுப் போனதோ என்று தொடத் தயங்குவோம். சில்லறையை யூரோவாகக் கிராஸிலேயே மாற்றி அப்பா கையில் கொடுத்துவிடு, கண்டக்டருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.